கார்த்திகைக் காற்றும் கலிங்கக் கரையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் தாயகத்திலிருந்து வரும் தொலைபேசிச் செய்திகளில் மழையே முதலிடம் பெறும். ஏரி நிரம்பியது, பள்ளிக்கு விடுமுறை விட்டனர், தெருவில் முழங்கால் அளவு நீர் என்பன போன்ற செய்திகளை யாம் இங்கே, ஒடிசாவின் இளவெயிலில் நின்றவாறு கேட்போம். இங்கோ அதே திங்களில் வானம் வெளுத்துவிடும்; ஆற்று மணல்மேடுகளில் நாணல் வெண்பூப் பூத்து அசையும்; மழையில் கலங்கிய ஆறுகள் தெளியத் தொடங்கும். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர் நம் முன்னோர். ஏறத்தாழ அவ்விரு திங்களையே சரத்காலம் என்று இந்நாட்டார் கொண்டாடுகின்றனர். பருவம் ஒன்று, வானம் வேறு.

மைய அரசு அலுவலகம் ஒன்றின் எழுத்தராக யாம் இக்கரைக்கு மாற்றலாகி வந்து பதினோராண்டுகள் ஆயின. வந்த இரண்டாம் ஆண்டில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே இக்கட்டுரைக்கு வித்து. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கலிங்கத்துப் பரணியின் கதையைக் கேட்டு வந்த எம் மகள், பக்கத்து வீட்டு ஒடியா அம்மையாரிடம் சென்று, "மௌசி, எங்கள் அரசர் உங்கள் நாட்டை வென்றாராம்" என்று பெருமிதத்தோடு கூறிவிட்டாள். எமக்கு நாணமாகிவிட்டது. அம்மையாரோ சிரித்துக்கொண்டே, "வென்றால் என்னம்மா, இப்போது எங்கள் ஊரில்தானே குடியிருக்கிறாய்" என்று சொல்லி, தாம் செய்துகொண்டிருந்த வாழைமட்டைப் படகுகளுள் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். மறுநாள் கார்த்திகை முழுமதி.

அப்படகை எதற்காக ஆற்றில் விடுகின்றனர் என்று மகள் கேட்டபோது எம்மிடம் விடையில்லை. பரணியை அறிந்த நாம் படகை அறிந்திருக்கவில்லை. அன்று தொடங்கிய தேடலில் கிட்டியவற்றையே இம்மலரில் தொகுத்துத் தருகின்றோம். ஊரிலிருந்து உறவினர் இங்கு வருவதும் பெரும்பாலும் பூசை விடுமுறையை ஒட்டிய இப்பருவத்திலேதான். அவர்களை எங்கே அழைத்துச் செல்வது, என்ன உண்ணத் தருவது என்பதற்கு இது உதவுமாயின் மகிழ்வோம். அவர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்நாட்டைப் பற்றி என்ன சொல்வது என்பதற்கு உதவுமாயின் இன்னும் மகிழ்வோம்.

வலப்புறச் சன்னல்

சென்னையிலிருந்து ஹௌரா நோக்கி வரும் இருப்புப்பாதை பழைய கலிங்கத்தின் ஊடாகவே வருகின்றது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் வம்சதாரை ஆற்றின் கரையிலுள்ள முகலிங்கமே கீழைக் கங்கர்களின் தலைநகராகிய கலிங்க நகரம் எனக் கருதப்படுகிறது. அங்குள்ள முகலிங்கேசுவரர் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. பிரம்மபூர் தாண்டியபின் விருந்தினரை வலப்புறச் சன்னலருகே அமர்ந்து வரச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் சில்கா ஏரி தண்டவாளத்தை ஒட்டியே விரிந்து கிடப்பதைக் காண்பர்.

சில்கா ஆசியாவின் மிகப்பெரிய உவர்நீர்க் காயல்களுள் முதன்மையானது. மழைக்காலத்தில் அதன் பரப்பு 1,100 சதுர கிலோமீட்டரையும் கடக்கும். 1981இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் இந்தியாவிலிருந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட இரு நீர்நிலைகளுள் இஃது ஒன்று. பின்னர் மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைபட, உப்பும் மீனும் குறைந்து ஏரி நலிந்தது. 2000இல் கடலுக்குப் புதுவாய் வெட்டிய பின்னரே உயிர் பெற்றது. ஐப்பசி தொடங்கியதும் வடபுலத்துப் பறவைகள் இங்கு வந்து இறங்குகின்றன. அண்மை ஆண்டுக் கணக்கெடுப்புகளில் அவற்றின் தொகை 10 இலட்சத்தையும் கடந்துள்ளது. நளபண தீவின் சதுப்பில் வரித்தலை வாத்தையும் பூநாரையையும் காணலாம். சாதபடாவில் படகேறினால் இராவதி ஓங்கில் முதுகு காட்டி மறைவதைக் காணலாம்.

வரலாற்று மாணவர்க்கு இக்காயலின் தென்முனை இன்னும் இனியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலாசிரியர் தாலமி, கீழ்த்திசைப் பொன்னாட்டிற்குக் கப்பல்கள் கரையை விட்டு நடுக்கடலில் இறங்கும் இடத்தை ஒட்டிப் பலூரா என்னும் பட்டினத்தைக் குறிப்பிடுகிறார். அது கஞ்சம் அருகே இன்றும் பாலூர் என வழங்கும் ஊரே என்பர். கலிங்கத்தின் பழைய தலைநகராகப் பௌத்த நூல்கள் போற்றுவது தந்தபுரம். தந்தம் என்பது வடமொழியில் பல். 1925இல் பிரெஞ்சு அறிஞர் சில்வன் லெவி, பலூரா என்பது பல்லும் ஊரும் சேர்ந்த திராவிடப் பெயராகலாம் என்றும், தந்தபுரம் அதன் மொழிபெயர்ப்பே என்றும் கருதினார். இக்கருத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டாரல்லர். எனினும், நம் மொழியின் ஒலி இக்கரையில் கேட்டிருக்கலாம் என்று பிறநாட்டறிஞர் ஒருவரே எண்ணினார் என்பது நமக்கு உவகை தருவதாகும். ஏரியின் வாயருகே உள்ள மாணிக்கபட்ணத்தில் நடந்த அகழாய்வில் மேலைநாட்டுச் சாடிகளின் உடைவுகளும் சீனப் பீங்கானும் கிடைத்துள்ளன. பாலூரின் பெயர் எதுவாயினும், இக்கரையின் வாணிகத்திற்கு மண்ணே சான்று கூறுகிறது.

கல்லில் நம் பெயர்

புவனேசுவரத்துக்கு வரும் விருந்தினர் லிங்கராசர் கோயிலைத் தவறவிடுவதில்லை. நகரின் தெற்கே தயா ஆற்றருகில் உள்ள தவுளிக்கும் வெண்ணிறப் புத்த ஸ்தூபிக்காகச் செல்கின்றனர். ஆனால் அதன் அடிவாரத்தில், யானையின் முன்னுடல் செதுக்கிய பாறையை விரைவில் கடந்துவிடுகின்றனர். அசோகனின் கல்வெட்டு அதில்தான் உள்ளது. கலிங்கப் போரைப் பற்றிய பதின்மூன்றாம் ஆணையை அவன் இங்கு வெட்டுவிக்கவில்லை. புண்பட்ட மக்கள் நாள்தோறும் காணும் இடத்தில் அது வேண்டா என்று எண்ணினான் போலும். ஆனால் இரண்டாம் ஆணை உண்டு. மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறும் அவ்வாணை, எல்லைக்கு அப்பாலுள்ளவர்களாகச் சோழரையும் பாண்டியரையும் சுட்டுகிறது. பகைவராக அன்றி, மருந்து பெறும் அண்டை நாட்டாராகவே அங்கு நம் பெயர் நிற்கிறது.

உதயகிரியின் ஹாத்திகும்பா குகையிலோ செய்தி வேறு. அங்குள்ள 17 வரிக் கல்வெட்டில், கலிங்க வேந்தன் காரவேலன் தமிழரின் கூட்டணி ஒன்றை உடைத்ததாகவும், பாண்டியனிடமிருந்து முத்தும் மணியும் பெற்றதாகவும் கூறப்படுகிறது. ஆக, பரணி பாடப்படுவதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இவர்களுடைய பரணி கல்லில் ஏறிவிட்டது. வெற்றிக் கணக்கைத் தொடங்கினால் இருபுறமும் வரவு உண்டு என்பதைப் பிள்ளைகட்கு இக்குகையின் வாயிலில் நிறுத்திச் சொல்லலாம்.

போரைவிட மூத்த சான்று ஒன்று நம் சொற்களிலேயே உள்ளது. சங்க நூல்களில் கலிங்கம் என்னும் சொல் ஆடையைக் குறிக்கும். இந்நாட்டிலிருந்து வந்த நுண்ணிய துணி, நாட்டின் பெயரையே தனக்குப் பெயராகப் பெற்றது என்பர். அடுத்த நாட்டின் பெயரை உடம்பில் உடுத்திக்கொண்ட மக்கள், அந்நாட்டை அயல்நாடாகவா எண்ணியிருப்பர்? கட்டாக் மாவட்டத்து நுவாபட்ணத் தறிகளில் இன்றும் நூலுக்கு முன்னரே சாயமேற்றி நெய்யும் சேலைகளை வாங்கிச் செல்லும் நம் பெண்டிர், தாம் அறியாமலே அவ்வழக்கைத் தொடர்கின்றனர்.

வாழைமட்டைக் கப்பல்கள்

இனி அப்படகின் கதைக்கு வருவோம். ஒடியா மொழியில் போயித என்பது கடலோடும் பெருங்கலம். சாதவர் என்போர் கடல் வணிகர். கார்த்திகை முழுமதியன்று வடகிழக்குக் காற்று நிலைபெற்றபின் சாதவர் பாய் விரித்து இலங்கைக்கும் சாவகம், சுமத்திரா, பாலி முதலிய தீவுகட்கும் புறப்பட்டனர் என்பது இந்நாட்டார் மரபு. தென்மேற்குக் காற்று எழுந்தபின் அவர்கள் திரும்புவர். புறப்படும் கலத்திற்கு வீட்டுப் பெண்டிர் விளக்கேற்றி வழியனுப்பிய வழிபாடே போயித வந்தாணம். இன்று கடலோடிகள் இல்லை. வழியனுப்புதல் மட்டும் நிற்கிறது. விடியலுக்கு முன் ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் கூடி, வாழைமட்டையாலும் நெட்டியாலும் வண்ணத் தாளாலும் செய்த சிறு கப்பல்களில் அகல் ஏற்றி, வெற்றிலையும் பாக்கும் வைத்து நீரில் விடுகின்றனர். அப்போது பாடும் சிறு பாட்டின் முதலெழுத்துகள் ஆஷாடம், கார்த்திகம், மார்கசிரம், வைசாகம் என்னும் நான்கு திங்களைக் குறிப்பன என்று பொருள் சொல்கின்றனர். காற்றின் கால அட்டவணையைத் தாலாட்டுப்போல மனப்பாடமாக்கி வைத்துள்ளனர்!

எந்தக் காற்று அது? வடகிழக்கிலிருந்து எழுந்து, வங்கக் கடலின் ஈரத்தை முகந்து சென்று, தஞ்சையிலும் சென்னையிலும் அடைமழையாகப் பொழியும் அதே காற்றுத்தான். நமக்கு மழையாவது இவர்களுக்குப் பாய்மரக் காற்றாயிற்று. தொலைபேசியில் மழைச் செய்தி கேட்கும்போதெல்லாம் இதனை எண்ணிப் பார்க்கின்றோம்.

இப்படகு விழா தொடங்கும் நாளிலேயே கட்டாக்கில் பாலி யாத்திரை தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் நடைபெறுகிறது. கட்டாக் கடலோர நகரன்று; மகாநதியினின்று காட்ஜோடி பிரியும் இடத்தில், கழிமுகச் சமவெளியின் தலையில் உள்ளது. பாராபதிக் கோட்டைக்கு அருகில், கடகடியாத் துறையை ஒட்டிய மணற்பரப்பில் கடைகள் நிறைந்துவிடும். பாலி என்பது தீவின் பெயர். ஒடியா மொழியில் மணலுக்கும் அதுவே பெயர். இரண்டில் எதனால் விழா பெயர்பெற்றது என்று ஊர் முதியவர்கள் இன்றும் வாதிடுவர். 2022ஆம் ஆண்டு விழாவில் பள்ளிப் பிள்ளைகள் 35 நிமிடத்தில் 22,473 தாள் கப்பல்கள் செய்து கின்னஸ் பதிவில் இடம்பெற்றனர். நாட்டுக் கூத்து, பட்டுத் துணி, வெள்ளிக்கம்பி வேலைப்பாடு, இராட்டினம் என ஓர் இரவு போதாது. கூட்டம் மிகுதி, பிள்ளைகளின் சட்டைப்பையில் தொலைபேசி எண்ணை எழுதி வைத்து அழைத்துச் செல்வது நலம்.

கட்டாக்கில் இதற்கு முன்னரே, நவராத்திரியின்போது, துர்க்கைக்குப் பின்புறம் வெள்ளியால் ஆளுயரத்திற்கு மேல் எழுப்பும் சாந்தி மேடம் என்னும் பின்னணிகளையும் காணலாம். தீபாவளி மாலையில் சணல் தட்டைகளைக் கொளுத்தி வானத்தை நோக்கிக் காட்டி, வந்த முன்னோர்களை ஒளியில் திரும்பிச் செல்லுமாறு இவர்கள் அழைத்து விடைகொடுக்கும் காட்சி உள்ளத்தை உருக்குவது.

கடலோடிகளின் வாழ்வில் கூத்து மட்டுமா இருந்தது? பாத்ர மாதத்து ஞாயிறுதோறும் மணமாகாப் பெண்கள் குதுருகுணி நோன்பிருந்து கேட்கும் கதை தபோய் என்பவளின் கதை. ஏழு அண்ணன்மாரும் கடல் வாணிகம் சென்றுவிட, அண்ணிமார் அவளைக் கொடுமை செய்து ஆடு மேய்க்க அனுப்புகின்றனர். இளைய அண்ணி ஒருத்தியே இரங்குகிறாள். நொய்யரிசியைப் படைத்து அவள் மங்களையை வணங்க, அண்ணன்மாரின் கலங்கள் திரும்பி வருகின்றன. பொருள்வயிற் பிரிவைப் பாடிய தமிழர்க்கு இக்கதை புதிதன்று. சம்பளத்தை முன்னிட்டு ஊரை விட்டு வந்து, ஊரில் விட்ட பெற்றோரை எண்ணி இரவில் விழித்திருப்போர் நம் சங்கத்தில் யார்தாம் இல்லை?

கடலுக்கு அப்பால் இவ்விரு நாட்டாரின் பெயரும் ஒன்றாகக் கலந்துவிட்டது. மலாய் நாட்டில் இந்தியரைக் கெலிங் என்று அழைத்த வழக்கு கலிங்கம் என்பதிலிருந்தே வந்தது. பிற்காலத்தில் அப்பெயர் பெரும்பாலும் தமிழரையே சுட்டி, இழிவுப் பொருளும் ஏறி, இன்று தவிர்க்கப்படுகிறது. ஆயினும் கலிங்கத்தை வென்றவர் வழியினர் என்று பாடிய நாம், கடல் கடந்த இடத்தில் கலிங்கர் என்றே அழைக்கப்பட்டோம் என்பது வரலாற்றின் விளையாட்டு.

நோன்பும் உண்டியும்

கார்த்திக மாதம் இங்கு நோன்பு மாதம். மூத்த பெண்டிர் பலர் ஹபிஷம் என்னும் நோன்பேற்று ஒருவேளை உணவோடு பூரிக்குச் சென்று தங்குவர். இறுதி ஐந்து நாள் பஞ்சுகம். அந்நாள்களில் கொக்குக்கூட மீன் தின்னாது என்பது நாட்டு வழக்கு. முழுமதி கழிந்த மறுநாளோ சாடகாய். மீன் சந்தையில் கால் வைக்க இடமிராது. மீன் விரும்பும் விருந்தினர் வருகையை நாள் பார்த்து அமைப்பது நன்று.

பூரியில் கார்த்திகை முழுமதியன்று சகந்நாதர் பொன்னணி பூண்டு காட்சி தருவார். ஆனந்த பசாரில் விற்கும் மகாபிரசாதம், மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் சமைப்பது. உருளைக்கிழங்கும் தக்காளியும் அதில் இடம்பெறுவதில்லை. சாதி வேற்றுமை பாராது ஒரே இலையில் உண்ணலாம் என்பது அதன் மரபு. பருப்பும் வாழைக்காயும் சேம்பும் தேங்காயும் சேர்ந்த தால்மா நம் கூட்டுக்கு அணுக்க உறவு. அரிசிமாவும் வெல்லமும் கூடிய அரிசா நம் அதிரசமே. கட்டாக்கின் தஹிபரா ஆளுதம் என்பது மோரில் ஊறிய வடையும் உருளைக்கிழங்குக் குழம்பும். தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் நம்மவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லும். பாலி யாத்திரையில் ஒரு குடும்பமே உண்ணத்தக்க பெரும்பூரியும், கட்டாக்குக்கும் புவனேசுவரத்துக்கும் இடையே பாஹாலாவில் சூடான ரசகோலாவும், வெல்லச்சுவை ஏறிய சேனாபோடாவும் விருந்தினர் மறவாதவை.

பெருங்காற்றின் திங்கள்

இப்பருவத்தை இனிமையாக மட்டும் எழுதுதல் பொய்யாகும். 1999 அக்டோபர் 29இல் வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ பதினாயிரம் உயிர்கள் மாண்டன. எரசமாப் பகுதியில் கடலே ஊருக்குள் ஏறிவந்தது. 2013 அக்டோபர் 12இல் பைலின் கோபால்பூர் அருகே கரையேறியபோது, முன்னறிவிப்பின் பயனாக ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர். இறந்தோர் தொகை ஐம்பதைத் தாண்டவில்லை. 2024 அக்டோபர் இறுதியிலும் தானா புயல் வந்து சென்றது. பதினான்கு ஆண்டுகளில் ஒரு மாநிலம் கற்றுக்கொண்ட பாடம் இது. கோயில்களைக் கண்டு வியக்கும் விருந்தினர், கடற்கரைச் சிற்றூர்களில் தூண்கள்மீது நிற்கும் புயல் காப்பகங்களையும் ஒரு முறை நோக்குதல் வேண்டும். அக்டோபரில் வருவோர் வானிலை அறிவிப்பைக் கேட்டே கிளம்புக.

தாய்மாமன் சீர்

கார்த்திகை முழுமதிக்குப்பின் எட்டாம் நாள் பிரதமாஷ்டமி. வீட்டின் தலைப்பிள்ளைக்குப் புத்தாடை உடுத்தித் திருவிளக்கால் ஆலத்தி எடுப்பர். அப்புத்தாடை தாய்மாமன் வீட்டிலிருந்து வரவேண்டும். அன்றைய பலகாரம் எண்டுரி. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்து, மஞ்சள் இலையில் மடித்து ஆவியில் வேகவைப்பது. இட்லியின் தங்கை என்று எம் இல்லத்தார் அதற்குப் பெயரிட்டுள்ளார்.

இச்சீரைக் கண்டபோதுதான் பரணியின் கதை எமக்கு வேறாகத் தோன்றியது. ஏறத்தாழ கி.பி. 1110இல் முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மேல் சென்றான். செயங்கொண்டார் பாடிய அப்போரில் எதிர்நின்றவன் அனந்தவர்மன் சோடகங்கன். 1078இல் முடிசூடி நெடுங்காலம் ஆண்டு, பூரி சகந்நாதர் பெருங்கோயிலை எழுப்பத் தொடங்கியவன் அவனே. அவன் பெயரின் முதற்பாதி சோழன் என்பதே. அவன் தாய் இராசசுந்தரி சோழ அரசன் மகள். தந்தை கங்க வேந்தன். படையனுப்பிய குலோத்துங்கனோ, கங்கைகொண்ட சோழனின் மகள் அம்மங்கைதேவி வயிற்றில், வேங்கிச் சாளுக்கியனுக்குப் பிறந்தவன். இருவருமே தாய்வழியால் சோழர்! ஆடை வரவேண்டிய திசையிலிருந்து படை வந்தது என்பதே அப்போரின் துயரம். வென்றவரும் தோற்றவரும் வெவ்வேறு மக்களென நாம் எண்ணியது அறியாமை. விருந்தினரோடு நாம் கைகூப்பி நிற்கும் பூரிக் கோயில், ஒரு தமிழ்ப்பெண்ணின் மகன் எடுத்தது.

பரணியைப் பிள்ளைகட்குக் கற்பிக்க வேண்டா என்று யாம் கூறவில்லை. அதன் தமிழ் நம் செல்வம். அதனோடு இராசசுந்தரியின் பெயரையும் சேர்த்துக் கற்பிப்போம் என்றே வேண்டுகின்றோம்.

நம் கார்த்திகை விளக்கும் இவர்களுடைய படகு விளக்கும் சில ஆண்டுகளில் அடுத்தடுத்த நாள்களில் வரும். 2023இல் நவம்பர் 26, 27 என அமைந்தன. சில ஆண்டுகளில் ஒரு திங்கள் இடைவெளி விழும்; 2024இல் இவர்களுடையது நவம்பர் 15, நம்முடையது டிசம்பர் 13. எப்படி வரினும் எம் வீட்டில் இரண்டையும் விடுவதில்லை. அன்று சிறுமியாக இருந்த மகள் இப்போது கல்லூரியில் பயில்கிறாள். சென்ற முறை விடுமுறைக்கு வந்தபோது, முதல் நாள் இரவே பக்கத்து வீட்டில் மௌசியோடு அமர்ந்து வாழைமட்டை சீவிக்கொண்டிருந்தாள். விடியலில் மகாநதியில் விட்ட இரண்டு படகுகளும் அருகருகே சிறிது தூரம் சென்றன. காற்று வடகிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. வீடு திரும்பியதும் ஊரிலிருந்து எம் தமக்கையார் அழைத்தார். அங்கே நல்ல மழையாம்.